காற்றுப் புகாத மூடி

ஜும்மா தொழுகை முடிந்து வந்த கையோடு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, நான் ஒரு முடிவை அறிவித்தேன்.

"இனிமே என் வண்டிய என்னைத் தவிர வேற எவனும் தொடக் கூடாது. மெக்கானிக்கும் தொடக் கூடாது. பம்ப நானே மாத்தப் போறேன்."

மர்ஜானா தால்சா ஊற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி. கல்யாணமாகிப் பதினேழு வருஷமாகிறது. இந்தப் பதினேழு வருஷத்தில் நான் எத்தனையோ முடிவுகளை அறிவித்திருக்கிறேன். ஒன்றுக்காவது அவள் கரண்டியைக் கீழே வைத்ததில்லை. அன்றும் வைக்கவில்லை.

"எந்தப் பம்பு? தண்ணி மோட்டாரா?"

"வண்டி பம்பு. டீசல் பம்பு."

"அது போயிடுச்சுன்னு யாரு சொன்னாங்க? மெக்கானிக் பழமலை அண்ணனா?"

"அவரு எதுக்கு? நானே தட்டிப் பாத்துட்டேன்."

"ஓ... தட்டிப் பாத்துட்டீங்களா," என்றாள். அந்த 'ஓ' இருக்கிறதே, அதை எழுத்தில் காட்ட முடியாது.

இந்தத் தட்டிப் பார்க்கிற விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் வியாபாரம் செய்கிறவன் கண்ணை நம்ப மாட்டான், விரலைத்தான் நம்புவான். சூளையிலிருந்து வருகிற கோப்பையை இடது கையில் ஏந்தி, வலது கை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. 'கணீர்' என்றால் நல்ல சரக்கு. 'பொத்' என்றால் எங்கேயோ மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாது, என் காதுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக இப்படித் தட்டித் தட்டியே கடை நடத்துகிறேன். பழக்கம் முற்றிப்போய், இப்போது தேங்காய், கதவு, கேஸ் சிலிண்டர் என்று எதிரில் எது வந்தாலும் விரல் தானாகப் போய்விடும். பெண் பார்க்கப் போன அன்றைக்கு மட்டும்தான் எதையும் தட்டிப் பார்க்காமல் சரியென்று சொன்னேன்.

வண்டி என்றால் பழைய பிக்கப் வண்டி. தொண்ணூற்றெட்டு மாடல். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் வாங்கியது என்பதால் மர்ஜானா அதை 'மூத்தவ' என்பாள். "மூத்தவளக் குளிப்பாட்டியாச்சா? இளையவளுக்கு மாவு அரைக்கணும், மிக்ஸி ஓடல, அதயும் பாருங்க" என்கிற மாதிரி. இளையவள் என்றால் அவளேதான். மூத்தவள் பத்தொன்பது வருஷம் சொன்ன பேச்சைக் கேட்டாள். ஐப்பசி பிறந்ததிலிருந்துதான் அடம். ஊருக்குள் ஓட்டினால் ஓடும். சேத்தியாத்தோப்பு, ஸ்ரீமுஷ்ணம் என்று சரக்கேற்றிக் கிளம்பினால் எட்டு, பத்து கிலோமீட்டரில் இருமும். அப்புறம் நின்றுவிடும்.

நின்றால் நான் கலங்க மாட்டேன். என்னிடம் ஒரு முறை உண்டு. முதலில் டேங்க் மூடியைத் திறப்பேன். டீசல் காட்டுகிற முள் வேலை செய்து பல வருஷமாகிவிட்டதால், மூங்கில் குச்சியை உள்ளே விட்டு அளவு பார்ப்பேன். டீசல் இருக்கும். மூடியை மூடுவேன். முன்பக்கம் வந்து பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரால் டீசல் பம்பின் தலையில் நாலு தட்டு. சாவியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடும்! தட்டினால் ஓடுகிறது, தட்டாவிட்டால் நிற்கிறது. சத்தமும் 'பொத்'. அப்புறம் என்ன சந்தேகம்? பம்பில் விரிசல்.

மூடி என்றதும் நினைவு வருகிறது. அந்த மூடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் திறமைக்கு நானே துரோகம் செய்தவனாவேன். வண்டியோடு வந்த தகர மூடியைப் புரட்டாசியில் எங்கேயோ தொலைத்துவிட்டேன். கடையில் வேறு மூடி வாங்கியிருக்கலாம்தான். ஆனால் பீங்கான் ஊரில் இருந்துகொண்டு தகர மூடி வாங்குவதா? தெரிந்த பட்டறையில் சொல்லி, நானே பக்கத்தில் நின்று, பீங்கானில் ஒரு மூடி செய்தேன். சூளையில் வெந்தால் களிமண் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை கச்சிதமாக வந்தது. மேலே நீலப் பூ, நடுவில் 'அஷ்ஃபாக்' என்று என் பெயர், அடியில் ரப்பர் வளையம். சொட்டு மழைத் தண்ணீர் இறங்காது. திறக்கும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பழைய மூடி பிறகு கிடைத்தது. ஒருநாள் மர்ஜானா சரக்குப் பெட்டியைப் பிரிக்கும்போது, "என்னங்க, உங்க தகர மூடி வைக்கோலுக்குள்ள கெடந்துச்சு" என்றாள்.

"தூக்கிப் போடு! அத யாரு மாட்டுவா இனிமே?" என்றேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

"பம்பு மாத்துனா வண்டி நிக்காதா?" என்று கேட்டாள் மர்ஜானா.

"ஏன் நிக்கப் போவுது?"

"அப்ப ஞாயித்துக்கிழமை என் பெட்டிய ஏத்திக்கிட்டு வேப்பூருக்குப் போவோம்."

இங்கேதான் விவகாரம் இருக்கிறது. ஒரு வருஷமாக மர்ஜானா பீங்கான் அகல் விளக்குக்கு வர்ணம் தீட்டி விற்கிறாள். வேப்பூரில் ஹைவே ஓரக் கடைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். வண்டிதான் கிடைப்பதில்லை. என் சரக்குப் போன பிறகுதான் அவள் சரக்கு என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டது நான். அதனால் வரவேற்பறை முழுக்க அகல் பெட்டிகள். சோபாவில் உட்கார வேண்டுமானால் நாலு பெட்டியை இறக்கியாக வேண்டும்.

"கார்த்திகைக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்குது," என்றாள். "கார்த்திகை முடிஞ்சப்புறம் அகல் விளக்க யாருங்க வாங்குவாங்க? ராத்திரி பகலா எழுதின விளக்கு. ஒவ்வொண்ணும் வூட்டுலயே கெடக்குது."

எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இளகினால் வண்டி போய்விடும்.

"வாரத்துல மூணு நாள் வண்டிய எனக்குக் குடுங்க," என்றாள்.

"அதெல்லாம் முடியாது."

"சரி, பந்தயம் வச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை வண்டி நடுவுல நிக்காம வேப்பூர் போயிட்டா, இனிமே வண்டியப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். நின்னுட்டா, செவ்வா, வியாழன், சனி சாவி என் கையில."

"யாரு ஓட்டுவா? நீயா?" என்று சிரித்தேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

டிரைவருக்கு அலைவாள், ஆள் கிடைக்காது, சாவி தானாக என்னிடம் திரும்பி வரும். இப்படி ஒரு கணக்கும் மனதுக்குள் ஓடியது. போன வருஷம் மூன்று மாதம் 'கிளாஸ்' என்று போய்வந்தாள். நானே கடைக்குப் போகிற வழியில் ஜங்ஷன் ரோட்டில் இறக்கிவிடுவேன். தையல் கிளாஸ். முடிந்து இத்தனை நாளாகியும் ஒரு தலையணை உறைகூடத் தைத்தபாடில்லை. அவ்வளவுதான் அவள் கெட்டிக்காரத்தனம். கையில் அடித்துச் சம்மதம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. புதுப் பம்பை ஒரு பழைய பேப்பரில் பரப்பி வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினேன். இந்தக் காலத்து வண்டிகளில் டீசலைக் கரண்ட் இழுக்கிறது. மூத்தவள் அந்தக் காலத்து ஆள். பம்பு இன்ஜினின் இடுப்பில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் இரும்பு நாக்கு ஒன்று இன்ஜினுக்குள் போய், சுற்றுகிற தண்டின் மேல் படுத்திருக்கும். தண்டு சுற்றச் சுற்ற நாக்கு மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் பம்பு டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அந்தப் பக்கம் தள்ளும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு மெக்கானிக் வேண்டுமா?

மெக்கானிக் வந்துவிட்டார். எதிர் வரிசையில் பட்டறை வைத்திருக்கிற பழமலை. யாரும் கூப்பிடவில்லை.

"பாய், என்னா பண்றீங்க?"

"பம்பு மாத்தறேன் பழமலை. நீங்க சும்மா நின்னு வேடிக்கை பாருங்க."

"பம்பா? பம்புல என்னா கோளாறு?" என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்க் பக்கம் நின்றார். "ஏன் பாய், இந்த மூடிய எப்பப் போட்டீங்க? இது..."

"அண்ணே, டீ ஆறுது!" வாசலில் மர்ஜானா நின்றுகொண்டிருந்தாள். பழமலை அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் டீயை வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தவர், அதற்கப்புறம் வேலை முடியும் வரை டீ குடிக்க மட்டுமே வாயைத் திறந்தார். என் கை வேகத்தைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

டேங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாயைக் கழற்றினேன். டீசல் முழங்கை வழியாக ஓடி சட்டைக்குள் போனது. சட்டென்று குழாய் வாயில் ஆள்காட்டி விரலை வைத்து அடைத்தேன். டீசல் நின்றது. அதற்கப்புறந்தான் தெரிந்தது, விரலை எடுக்க முடியாதென்று. எடுத்தால் டீசல். எடுக்காவிட்டால் ஒரு கையால் எந்த போல்ட்டையும் கழற்ற முடியாது. ஐந்து நிமிஷம் சிந்தனையாளன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மர்ஜானா உள்ளே போய் ஒரு கேரட்டோடு வந்தாள். என் விரலை விலக்கிவிட்டு, குழாய் வாயில் கேரட்டைச் சொருகி ஒரு திருகு. டீசல் கப்சிப்.

"நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்," என்றேன்.

"பிரியாணிக்குப் பச்சடி போட வச்சிருந்தது. கேரட் இல்லன்னு அப்புறம் சத்தம் போடாதீங்க," என்றாள்.

பழைய பம்பு கழன்று வந்துவிட்டது. புதுசு உட்கார மறுத்தது. நேராகத் தள்ளினேன். தம் கட்டித் தள்ளினேன். இரும்பு நாக்கு உள்ளே எதிலோ இடித்துக்கொண்டு வெளியே துப்பியது. பிஸ்மில்லா சொல்லித் தள்ளியும் துப்பியது.

"நேரா எதுக்குத் தள்ளறீங்க?" என்றாள் மர்ஜானா. "அண்டாவுக்குள்ள கரண்டி விடற மாதிரி சாய்ச்சு விடுங்க. உள்ள போனதும் நிமித்துங்க."

சாய்த்து விட்டேன். நிமிர்த்தினேன். மாமியார் வீட்டில் மருமகன் உட்கார்கிற மாதிரி பம்பு சுகமாக உட்கார்ந்தது.

"நானும் அதத்தான் செய்ய இருந்தேன்."

"தெரியுங்க."

இரண்டு போல்ட்டையும் இறுக்கி, குழாய்களை மாட்டினேன். குழாயில் காற்று நின்றால் இன்ஜின் எடுக்காது. ஃபில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்திவிட்டு, பம்பின் கை லீவரை அடி அடியென்று அடித்தேன். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். திருகை இறுக்கிச் சாவியைத் திருகினேன்.

மூத்தவள் ஒரே கனைப்பில் எழுந்தாள்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஒரு இருமல் கிடையாது. இறங்கி வந்து, பழைய பம்பைக் கையில் ஏந்தி, பழமலையின் காதருகே பிடித்து முட்டியால் தட்டினேன். 'பொத்.'

"கேட்டுச்சா? விரிசல்!"

"எண்ணெயில ஊறுன இரும்பு வேற எப்படி பாய் சத்தம் போடும்?" என்றார் பழமலை. பொறாமை! மர்ஜானாவிடம் காலி டம்ளரைக் கொடுத்தவர், ஏனோ சிரித்துக்கொண்டே போனார்.

ஞாயிறு காலை டீசலை நிரப்பி, பீங்கான் மூடியை இறுக்கிப் பொருத்தி, அகல் பெட்டிகளை வைக்கோல் மெத்தையில் அடுக்கிக் கிளம்பினோம். மர்ஜானா பக்கத்து சீட்டில். மடியில் ஒரு கைப்பை. நான் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, இனி வண்டியைப் பற்றி அவள் வாயைத் திறக்காமல் இருக்கப்போகிற வாழ்க்கை எப்படி இருக்குமென்று ருசித்துக்கொண்டே ஓட்டினேன்.

எட்டாவது கிலோமீட்டரில் வண்டி இருமியது. ஒன்பதாவதில் ஒரு புளியமரத்தடியில் நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள் மர்ஜானா.

"நிக்கல. நான் நிறுத்தினேன். கொஞ்சம் காத்து வாங்கலாம்னு."

"வாங்குங்க."

இறங்கினேன். மூடியைத் திறந்தேன். 'டொப்.' குச்சியை விட்டேன். டீசல் இருந்தது. மூடினேன். புதுப் பம்பைத் தட்டினேன், லீவரை நாலு அடி அடித்தேன். சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது.

"பாத்தியா? புதுசு இல்லியா, அதான் கொஞ்சம் கூச்சம். போகப் போகச் சரியாயிடும்."

இன்னொரு ஒன்பது கிலோமீட்டர் போனோம். இந்த முறை மரம்கூட இல்லை. மொட்டை வெயில். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் எங்களைத் தாண்டிப் போனான், போகிறபோது என் பரம்பரையையும் விசாரித்தான்.

"இதுவும் காத்து வாங்கத்தானா?" என்றாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பம்பு புதுசு. குழாய் சரி. டீசல் இருக்கிறது. பிறகு என்ன? வாழ்க்கையில் முதல் முறையாக, எதைத் தட்டிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"தோத்துட்டேன்னு சொல்லுங்க."

"...தோத்துட்டேன். ஆனா இப்ப வேப்பூருக்கு எப்படிப் போறது?"

மர்ஜானா இறங்கினாள். நேராக டேங்கிடம் போனாள். என் மூடியைத் திருகி இழுத்தாள். 'டொப்.'

"இந்தச் சத்தம் கேக்குது இல்ல? இது என்னான்னு நெனச்சீங்க?"

"மூடி அவ்வளவு டைட்டு."

"அதாங்க நோவு! எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா எண்ணெ ஊத்துமா? ரெண்டு சொட்டு வரும், நின்னுடும். எதிர்ல இன்னொரு ஓட்ட போட்டாத்தான் ஊத்தும். ஒண்ணுல காத்து போவணும், ஒண்ணுல எண்ணெ வரணும். பம்பு உள்ளேர்ந்து டீசல உறிஞ்சிக்கிட்டே இருக்குது. அந்த எடத்துக்குக் காத்து வர வேணாமா? உங்க மூடியில எறும்பு மூச்சு வுடக்கூட எடம் இல்ல. ஒவ்வொரு தடவையும் குச்சி வுடறேன்னு நீங்க மூடியத் தொறந்தீங்க, காத்து போச்சு, வண்டி கெளம்புச்சு. நீங்க என்னடான்னா தட்டுனதால கெளம்புச்சுன்னு..."

கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். என் பழைய தகர மூடி. நடுவில் ஊசி முனை அளவு ஒரு துளை.

"தூக்கிப் போடச் சொன்னேனே?"

"போட்டேனே. பைக்குள்ள."

தகர மூடியைப் பொருத்தினாள். பீங்கான் மூடியைத் துணியில் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"மடியில வச்சுக்குங்க. அந்தப் பக்கம் ஏறுங்க."

"எந்தப் பக்கம்?"

அவள் டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"மர்ஜானா! உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"மூணு மாசம் கிளாஸுக்குக் கொண்டுபோய் வுட்டது யாரு? நீங்கதான?"

"அது தையல் கிளாஸ்!"

"தையலுன்னு நான் சொன்னேனா? கிளாஸுன்னுதான் சொன்னேன். எறக்கி வுட்ட எடத்துல எழுதியிருந்த போர்டக்கூட நீங்க நிமிந்து பாக்கல." கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினாள். போட்டோவில்கூட அதே 'ஓ' முகம்.

கிளட்ச்சை மிதித்தாள், கியர் போட்டாள். மூத்தவள் இளையவளுக்கு மறுபேச்சில்லாமல் அடங்கினாள். வேப்பூர் வரை ஒரு இருமல் இல்லை. ஹைவே ஓரக் கடைகளில் பெட்டிகளை இறக்க இறக்க அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது, தோற்றதுகூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அதை நான் வெளியே சொல்லவில்லை. திரும்பி வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். நான் நீலப் பூ போட்ட மூடியை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆணியில் சாவி இல்லை. வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் அகல் பெட்டிகள். கடைக்குப் போக டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டே நான் ஜன்னல் பக்கம் போனேன். ஆயிரம் இருந்தாலும் ஒரு வியாபாரிக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

"முன்னாடியே மூடிதான் கோளாறுன்னு சொல்லியிருந்தா, நான் பம்பே மாத்தியிருக்க மாட்டேனே?"

"மூடி கெடச்சதுன்னு வந்து சொன்னேனே, கேட்டீங்களா?"

"சரி, மூடி என் தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. பழைய பம்புல விரிசல் இருந்தது நெசம். என் விரல் பொய் சொல்லாது."

"அப்படியா?" என்றாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நடுவிரல் முட்டியால் என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"விரிசல் ஒண்ணும் இல்லீங்க. கணீர்னு கேக்குது. உள்ள காலியா இருந்தாத்தானே இப்படிக் கேக்கும்?"